ரேக்ல தூங்குற காம்பவுண்ட பப்கெம்ல ஏத்துறது எப்படி

எங்க லேப்ல ஒரு தங்கச்சி ரெண்டு மாசமா ஒரே காம்பவுண்டோட மல்லுக்கட்டிட்டு இருந்தா. காலம் குரோமட்டோகிராஃபில பிரிச்சு, ரீகிரிஸ்டலைஸ் பண்ணி, என்எம்ஆர் எடுக்க சாம்பிள வெளியூருக்கு அனுப்பிட்டு மூணு வாரம் காத்திருந்து, கடைசில ஸ்பெக்ட்ரம் சுத்தமா வந்துருச்சுனு எல்லாருக்கும் தட்டுவடை செட் வாங்கிக் குடுத்தா. அடுத்த வாரம் ஐஆர் வேல்யூ எப்படி எழுதுறதுனு பாக்க ரேக்ல இருந்து ஒரு பழைய தீசிஸ எடுத்துப் பொரட்டுறா, 112-ஆம் பக்கத்துல அதே காம்பவுண்ட். நம்பர் 7சி. ஆறு வருஷம் முன்னாடி, அதே ஹூட்ல, எங்க சீனியர் பண்ணது. மெல்டிங் பாயிண்ட் கூட ஒரு டிகிரிதான் வித்தியாசம்.

"ஏம்மா, ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி தேடலையா?"

"தேடுனேண்ணா. பப்கெம்ல ஸ்ட்ரக்சரே வரைஞ்சு தேடுனேன், ஒண்ணும் வரல."

வராது. பப்கெம்ங்கறது காம்பவுண்டோட ஸ்ட்ரக்சர சேத்து வைக்கற ஆன்லைன் டேட்டாபேஸ், ஆனா அந்த 7சி இருக்கறது காலிகோ பைண்டிங் போட்ட ஒரு புஸ்தகத்துலயும் அதோட பிடிஎஃப்லயும்தான். சோத்கங்காவுல தீசிஸ் ஏத்துறோமே, அது போதாதானு கேப்பீங்க. அது நல்ல விஷயம்தான், நான் குறை சொல்லல, ஆனா அங்க தலைப்பையும் வார்த்தையையும்தான் தேட முடியும், உள்ள இருக்கற ஸ்ட்ரக்சர் வெறும் படம். பென்சீன் ரிங் நம்ம கண்ணுக்கு பென்சீன் ரிங், மெஷினுக்கு அது ஆறு கோடு. அதனால அந்த வாரமே உக்காந்து எங்க லேப் காம்பவுண்ட எல்லாம் ஒண்ணொண்ணா ஏத்த ஆரம்பிச்சோம். அதுல கத்துக்கிட்டத, வாங்குன அடிய எல்லாம் சேத்து இங்க எழுதுறேன். இந்தப் பக்கம் சின்னச் சின்ன காலேஜ்ல பிஎச்டி பண்ணிட்டு இருக்கறவங்களுக்கு ஆகும். இதுக்குக் காசு ஒரு பைசா கிடையாது, பெரிய இன்ஸ்டிட்யூட்ல இருக்கணும்னும் இல்ல.

மெஷினுக்கு என்ன வேணும்னு முதல்ல பாத்துருவோம், இது புரிஞ்சா மத்ததெல்லாம் தானா வரும். எத்தனால எடுத்துக்கோங்க. அத மோல் ஃபைலா சேவ் பண்ணி நோட்பேட்ல தொறங்க, ஒண்ணும் ஆகாது, வெறும் டெக்ஸ்ட்தான். மேல ஒரு வரில 3, 2-னு இருக்கும், மூணு அணு ரெண்டு பிணைப்புனு அர்த்தம். அதுக்குக் கீழ மூணு வரி, ஒவ்வொண்ணுலயும் அந்த அணு பேப்பர்ல எங்க உக்காந்திருக்குங்கற எண்ணும் அதுக்கு அடுத்து சி, சி, ஓ-ங்கற எழுத்தும். அதுக்கும் கீழ ரெண்டு வரி: 1, 2, 1-னா முதல் அணுவும் ரெண்டாவது அணுவும் ஒத்தைப் பிணைப்பு, 2, 3, 1-னா ரெண்டாவதும் மூணாவதும் ஒத்தைப் பிணைப்பு. ஹைட்ரஜன் எங்கயும் இருக்காது, சாஃப்ட்வேர் தானா போட்டுக்கும். இதே சமாச்சாரத்த ஒரே வரில எழுதுனா ஸ்மைல்ஸ், எத்தனாலுக்கு சிசிஓ, அவ்ளோதான். இப்படி நிறைய மோல் ஃபைல ஒண்ணுக்கு கீழ ஒண்ணா அடுக்கி நடுவுல நாலு டாலர் குறி போட்டா அது எஸ்டிஎஃப் ஃபைல். டேட்டாபேஸ்காரங்க கேக்கறது பெரும்பாலும் இதத்தான்.

மூணாவதா இன்ச்சி, ஸ்ட்ரக்சர்ல இருந்து சாஃப்ட்வேரே கணக்குப் போட்டு எடுக்கற அடையாளம், அதச் சுருக்குனா இன்ச்சிகீ. இன்ச்சிய ஐயுபிஏசிங்கற உலக வேதியியல் அமைப்பு வெளியிட்டது 2005-ல. ஆதார் நம்பர் மாதிரினு சொல்லுவாங்க, ஆனா ஆதாருக்கு யாராச்சும் ஆபீஸ்ல உக்காந்து நம்பர் குடுக்கணும், இதுக்கு யாரும் குடுக்க வேணாம். சேலத்துல இருந்து போட்டாலும் ஜப்பான்ல இருந்து போட்டாலும் ஸ்ட்ரக்சர் ஒண்ணுன்னா கீ ஒண்ணு. நடுவுல கோடு ரெண்டையும் சேத்து மொத்தம் 27 எழுத்து. முதல் 14 எழுத்து எது எதோட சேந்திருக்குங்கற எலும்புக்கூடு, அடுத்த பத்து எழுத்துலதான் ஸ்டீரியோ, அதாவது எது எந்தப் பக்கம் திரும்பியிருக்குங்கறது, எல்லாம் ஒளிஞ்சிருக்கு. இந்த ரெண்டாவது துண்ட ஞாபகம் வச்சுக்கோங்க, கீழ ஒரு வேலை இருக்கு.

எங்க ஏத்துறது? ஆர்கானிக் சின்ன மாலிக்யூலுன்னா யோசிக்கவே வேணாம், பப்கெம். அமெரிக்க அரசோட என்ஐஹெச் 2004-ல ஆரம்பிச்சது, இப்போ 11 கோடிக்கு மேல காம்பவுண்ட் இருக்கு. சிங்கிள் கிரிஸ்டல் எக்ஸ்ரே எடுத்து சிஐஎஃப் ஃபைல் கையில இருந்தா அதுக்கு வேற எடம். கேம்பிரிட்ஜ்ல இருக்கற சிசிடிசிங்கற கிரிஸ்டல் டேட்டா மையத்துல டெபாசிட் பண்ணலாம், பேப்பர் போடுறவங்களுக்கு இது தெரிஞ்சிருக்கும், டெபாசிட் இலவசம், ஆனா மொத்த டேட்டாபேஸையும் அலசணும்னா காசு. முழுசா தொறந்து கிடக்கணும்னா 2003-ல ஆரம்பிச்ச கிரிஸ்டலோகிராஃபி ஓப்பன் டேட்டாபேஸ். எதுல போட்டாலும் முன்னாடி சிஐஎஃப்ல தப்பு கண்டுபிடிக்கற செக்சிஃப்ல ஓட்டிருங்க, ஏ லெவல் அலர்ட் வந்தா மறைக்காம காரணம் எழுதுங்க. மாஸ் ஸ்பெக்ட்ரத்துக்கு மாஸ்பேங்க், என்எம்ஆருக்கு என்எம்ஆர்ஷிஃப்ட்டிபி. எதுலயும் சேராத ரா டேட்டாவ ஜிப் பண்ணி ஜெனோடோல போட்டா ஒரு டிஓஐ, அதாவது மாறாத அடையாள எண், கிடைக்கும். செடில இருந்து பிரிச்ச காம்பவுண்ட் பத்தி கடைசில சொல்றேன், அது தனிக் கதை.

சரி, வரையறதுக்கு வருவோம். வேலைல முக்காவாசி இங்கதான், அப்லோட் எல்லாம் அப்புறம் அரைமணி நேரம். கெம்டிரா இருந்தா நல்லது, இல்லைனா பப்கெம் ஸ்கெட்சர் இல்ல கெட்சர், ரெண்டும் பிரவுசர்லயே ஓடும், இலவசம்.

முதல் வியாதி, சுருக்கெழுத்து. பேப்பருக்கு வரையறப்ப போக், டிஎம்எஸ், பிஹெச் (ஃபீனைல்)-னு குரூப்ப சுருக்கி எழுதிப் பழகிட்டோம். சில சாஃப்ட்வேர் அத விரிச்சுக்கும், சிலது பேருன்னு நெனச்சு ஒரு மர்ம அணுவா வச்சுக்கும். எக்ஸ்போர்ட் பண்றதுக்கு முன்னாடி எல்லா லேபிளையும் விரிச்சிருங்க. விரிஞ்சுதா இல்லையானு தெரிய ஒரு நல்ல வழி இருக்கு, சேவ் பண்ண ஃபைல திரும்பத் தொறந்து மாஸ் கணக்குப் போடச் சொல்லி உங்க ஹெச்ஆர்எம்எஸ்ஸோட (துல்லியமா எடுத்த மாஸ்) ஒத்துப்பாருங்க. ஒரு போக் காணாம போயிருந்தா சுமார் 100 கொறையும், உடனே பிடிபட்டுரும். ஆர் குரூப் போட்டு, கீழ டேபிள்ல ஆர் இக்வல் டு மீத்தைல், எத்தில்னு எழுதுற பழக்கமும் இங்க செல்லாது, ஒவ்வொண்ணையும் தனியா வரையணும். சலிப்பாத்தான் இருக்கும், பாட்டு கேட்டுக்கிட்டே பண்ணுங்க.

அடுத்தது சார்ஜும் சால்ட்டும். இதுக்கு நம்ம ஏற்காடு காப்பிய விட நல்ல உதாரணம் இல்ல. காப்பிக்கொட்டைல கேஃபைன் மட்டும் இல்லைங்க, ட்ரைகோனெல்லின்னு ஒண்ணு இருக்கு, வறுக்கறப்ப ஒரு பங்கு நியாசினா மாறும். பிரிடின் ரிங், நைட்ரஜன் மேல மீத்தைல், ரிங்ல மூணாவது எடத்துல ஒரு கார்பாக்சிலேட். நைட்ரஜன்ல ப்ளஸ், ஆக்சிஜன்ல மைனஸ், மொத்தத்துல சார்ஜ் பூஜ்யம், எடை 137. இத சிலர் ப்ளஸ்ஸ மறந்துட்டு வரைவாங்க, அப்போ சார்ஜ் இல்லாத நைட்ரஜனுக்கு கை நாலு ஆயிரும். நீங்க ஆசிட் போட்டுப் பிரிச்சிருந்தா கையில இருக்கறது ஹைட்ரோகுளோரைடு, அத வரையறப்ப கார்பாக்சிலிக் ஆசிட்டா வரைஞ்சு பக்கத்துல குளோரைடு அயனியத் தனியா வைக்கணும். பாட்டில்ல எது இருக்கோ அதத்தான் வரையணும். பப்கெம்ல சால்ட்டுக்கு ஒரு நம்பர், உள்ள இருக்கற ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு நம்பர், ரெண்டையும் அதுவே கோத்து விட்டுரும், நீங்க கவலைப்பட வேணாம். அதே மாதிரி சோடியத்த ஆக்சிஜனோட கோடு போட்டு ஒட்டாதீங்க, அது அயனி, தள்ளி நிக்கட்டும். நைட்ரோ குரூப்ப ரெண்டு டபுள் பாண்டு போட்டு வரையற பழைய ஸ்டைல விட்டுட்டு ப்ளஸ் மைனஸ் போட்டே வரைஞ்சிருங்க.

டபுள் பாண்டு. இது நெறைய பேருக்குத் தெரியாது. நம்ம பக்கம் நீட்டிட்டு இருக்கற பாண்ட காட்டுற வெட்ஜுக்கு நம்ம கவனமா தடிக்கோடு போடுவோம், ஆனா டபுள் பாண்டுக்கு எந்தக் குறியும் கிடையாது, நீங்க எந்தப் பக்கம் மடக்கி வரைஞ்சீங்களோ அதுவே இ-யா (எதிரெதிர்ப் பக்கம்) இசட்-டா (ஒரே பக்கம்)னு முடிவாயிரும். பேப்பர்ல எடம் பத்தலைனு சும்மா சங்கிலிய மடிச்சு விட்டா நீங்க ஒரு இசட் ஐசோமர உலகத்துக்கு அறிவிச்சுட்டீங்கனு அர்த்தம். சேர்வராயன் மலைல சில்வர் ஓக் மரத்துல ஏறிக் கிடக்குதே மிளகுக்கொடி, அந்த மிளகோட காரம் பைப்பெரின்ல இருக்கு, ரெண்டு டபுள் பாண்டும் இ. அதுல ஒண்ணு திரும்புனா ஐசோபைப்பெரின் இல்ல ஐசோசாவிசின், ரெண்டும் திரும்புனா சாவிசின். நாலும் வேற வேற காம்பவுண்ட், எடை மட்டும் ஒண்ணு, 285. வெளிச்சத்துல வச்சாலே பைப்பெரின் கொஞ்சம் கொஞ்சமா திரும்பிக்கும், அப்போ உங்க படம் திரும்ப எவ்ளோ நேரம் ஆகும்? எந்தப் பக்கம்னு உங்களுக்கே தெரியலைனா நெளிகோடு இல்ல குறுக்குக்கோடு போட்ட பாண்டு இருக்கு, அத போடுங்க.

இப்போ என் கதை. நான் முதல் தடவ 38 காம்பவுண்ட் ஏத்துனேன், ஏத்திட்டு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டேன். எல்லாத்துலயும் ஒரே ஒரு கைரல் சென்டர், அதாவது கண்ணாடி பிம்பம் மாதிரி ரெண்டு வடிவம் வர வைக்கற அணு. நான் வரையறதுக்கு சோம்பேறித்தனப்பட்டு ஒரு பேப்பர்ல இருந்த கோர் ஸ்ட்ரக்சர காப்பி பண்ணி அதுல சப்ஸ்டிட்யூவன்ட மட்டும் மாத்திக்கிட்டே போனேன். அந்தப் பேப்பர்காரங்க பண்ணது ஒரே எனன்ஷியோமர், அந்த ரெண்டு வடிவத்துல ஒண்ணு மட்டும், அவங்க வெட்ஜ் போட்டிருந்தாங்க, நியாயம். நான் பண்ணது ரேசிமிக், ரெண்டு வடிவமும் பாதிக்குப் பாதி. வெட்ஜு அப்படியே 38-லயும் வந்து உக்காந்துக்கிச்சு. நாலு மாசம் கழிச்சு வெளிநாட்டுல இருந்து ஒரு மெயில், ரொம்ப மரியாதையா, உங்க காம்பவுண்டோட ஆப்டிகல் ரொட்டேஷன் (ஒளிய எவ்ளோ திருப்புதுங்கறது, ரேசிமிக்ல பூஜ்யம்தான்) எவ்ளோனு கேட்டு. எனக்கு மூஞ்சி எங்க வச்சுக்கறதுனு தெரியல. ரொட்டேஷன் பூஜ்யம்னு உண்மைய எழுதிட்டு அன்னிக்கு ராத்திரியே 38-யும் திருத்துனேன். மோல் ஃபைல்ல பாத்தா மொத்தத் தப்பும் பாண்டு வரில நாலாவது எண், 1-னா வெட்ஜ், 6-னா கோடு கோடா உள்ள போற பாண்டு, 0-னா சும்மா. அந்த 1-அ 0 ஆக்குனது மட்டும்தான் திருத்தம். 38 எழுத்துப் பிழை.

அதனால ரேசிமிக்னா சாதாக் கோடு போடுங்க, கமெண்ட்ல ரேசிமிக்னு எழுதுங்க. ரெண்டு சென்டர் இருந்து ஒண்ணுக்கொண்ணு எப்படினு தெரியும், ஆனா மொத்தமா ரேசிமிக்னா ஒரு எனன்ஷியோமர வரைஞ்சு, இது ரிலேட்டிவ் மட்டும்தான்னு பேர்லயும் கமெண்ட்லயும் தெளிவா போட்டுருங்க. வெட்ஜோட ஊசிமுனை கைரல் சென்டர்ல இருக்கணும், கொழுத்த முனை வெளிய. மாத்திப் போட்டா அது பக்கத்து கார்பன் மேல போய் உக்காந்துக்கும்.

இதுக்குத்தான் இன்ச்சிகீயோட ரெண்டாவது துண்டு. அது யுஹெச்எஃப்எஃப்எஃப்ஏஓஒய்எஸ்ஏ-னு வந்தா ஸ்டீரியோ எதுவும் பதிவாகலனு அர்த்தம். கேஃபைனோட கீயப் பாருங்க, அப்படித்தான் இருக்கும், ஏன்னா அதுல கைரல் சென்டரே கிடையாது. உங்க காம்பவுண்ட் ஒத்தை எனன்ஷியோமர், ஆனா கீல இந்த யுஹெச் வருதுன்னா எக்ஸ்போர்ட் பண்றப்ப வெட்ஜ் விழுந்துருச்சு. உங்களது ஒரே சென்டர் இருக்கற ரேசிமிக், இ இசட் டபுள் பாண்டும் இல்ல, ஆனா கீல வேற என்னமோ வருதுன்னா நான் பண்ண காரியத்த நீங்களும் பண்ணிட்டீங்க. ஃபைல் மொத்தத்துக்கும் கீ எடுத்து எக்செல்ல ஒரு நெடுவரிசைல போட்டுக் கண்ணால ஓட்டுனா பத்து நிமிஷ வேலை. ஆர்டிகிட்ங்கற பைத்தான் டூல் தெரிஞ்சவங்களுக்கு நாலு வரி கோட், தெரியாதவங்களுக்கு ஓப்பன் பேபல்ங்கற சாஃப்ட்வேர் இருக்கு.

டாட்டோமர், அதாவது ஹைட்ரஜன் எடம் மாறி மாறி நிக்கற வடிவங்க, அதப் பத்தி ஒரு வார்த்தை. நம்ம மஞ்சள்ல இருக்கற குர்குமின கீட்டோவா வரைஞ்சா ஒரு ஸ்டாண்டர்ட் இன்ச்சி, ஈனாலா வரைஞ்சா வேற ஒண்ணு. நைட்ரஜன் ஆக்சிஜன் நடுவுல ஹைட்ரஜன் ஓடுறத இன்ச்சி புரிஞ்சுக்கும், கார்பன்ல இருந்து ஓடுனா சாதாரணமா புரிஞ்சுக்காது. உங்க என்எம்ஆர்ல எது தெரியுதோ அத வரையுங்க, தேடுறப்ப மட்டும் ரெண்டையும் வரைஞ்சு தேடுங்க. மெட்டல் காம்ப்ளெக்ஸ் பண்றவங்களுக்கு ஒரு கெட்ட சேதி, இன்ச்சி மெட்டல் பாண்ட வெட்டிவிட்டுரும், அதனால உங்க காம்ப்ளெக்ஸ் உதிரி உதிரியாத் தெரியும். உங்களுக்கு சிஐஎஃப் வழிதான் சரி.

பேரு. பேர மட்டும் நம்பி எதுவும் பண்ணாதீங்க. காப்பிலயே இருக்கற குளோரோஜெனிக் ஆசிட், பழைய நம்பரிங்ல 3-கேஃபியோயில்குயினிக் ஆசிட், 1976-க்கு அப்புறம் வந்த ஐயுபிஏசி நம்பரிங்ல அதுவே 5. ரெண்டு பெயரும் இன்னிக்கும் பேப்பர்ல வருது, எந்த 3, எந்த 5-னு ஆளுக்கு ஆள் வேற. ஸ்ட்ரக்சர் போட்டா இந்தப் பஞ்சாயத்தே கிடையாது. பேரெல்லாம் சினோனிம் (மாத்துப் பெயர்) நெடுவரிசைல போகட்டும்.

அப்புறம் எக்செல். நான் எக்செல்ல வெறுக்கல, ஆனா அது நம்ம கெமிஸ்ட்ரிய வெறுக்குது. காம்பவுண்ட் நம்பர் 3-5-னு அடிச்சா மே மாசம் மூணாந்தேதி ஆக்கிரும். கேஃபைனோட கேஸ் நம்பர் (சிஏஎஸ், ஒவ்வொரு காம்பவுண்டுக்கும் குடுக்கற பதிவு எண்) 58-08-2, இத அடிச்சு என்டர் தட்டுங்க, 1958 ஆகஸ்ட் ரெண்டுனு ஒரு பொறந்தநாள் வந்து நிக்கும். அந்த நெடுவரிசைய முதல்லயே டெக்ஸ்ட்னு மாத்திட்டு அப்புறம் அடிங்க. கேஸ் நம்பர் சரியானு பாக்க ஒரு கணக்கு இருக்கு, கடைசி எண்ண விட்டுட்டு வலப்பக்கத்துல இருந்து ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலுனு பெருக்கிக் கூட்டணும். 58-08-ல 8 ஒண்ணால 8, 0 ரெண்டால 0, 8 மூணால 24, 5 நாலால 20, மொத்தம் 52. அதோட கடைசி எண் 2, கேஸ் நம்பரோட கடைசி எண்ணும் 2. ஒத்துப்போச்சுன்னா அடிச்சதுல பிழை இல்லனு பெரும்பாலும் நம்பலாம். புது காம்பவுண்டுக்கு கேஸ் நம்பர் இருக்காது, காலியா விட்டுருங்க, எதையாச்சும் இட்டுக்கட்டாதீங்க.

ஒவ்வொரு காம்பவுண்டுக்கும் உங்க லேப்ல ஒரு ரிஜிஸ்ட்ரி ஐடி குடுக்கணும், பப்கெம் கட்டாயமா கேக்கும். 7சி-னு வைக்காதீங்க, ஒவ்வொரு தீசிஸ்லயும் ஒரு 7சி இருக்கு. லேப் பேரோட சுருக்கம், வருஷம், நோட்புக் நம்பர், பக்கம், இப்படி வைங்க. பத்து வருஷம் கழிச்சு யாராச்சும் கேட்டா அந்த நோட்புக்க எடுத்துரலாம். ஒரு தடவ குடுத்த ஐடிய வேற காம்பவுண்டுக்கு மாத்திக் குடுக்கவே கூடாது. பின்னாடி திருத்தறப்ப அதே ஐடியோட திரும்ப ஏத்துனா பழைய ரெக்கார்டே புது வெர்ஷனா மாறும், ஐடி மாறுனா புதுசா இன்னொண்ணு முளைக்கும், பழைய தப்பும் அங்கயே நிக்கும். என் 38-யும் ஒரே ராத்திரில திருத்த முடிஞ்சது ஐடி ஒழுங்கா இருந்ததாலதான், அந்த ஒரு விஷயத்துல மட்டும் நான் புத்திசாலி.

அப்லோட். பப்கெம்ம நடத்துற என்சிபிஐல லாகின் பண்ணணும், ஆர்கிட் ஐடி (ஆராய்ச்சியாளருக்கான அடையாள எண்) இருந்தா அத வச்சே உள்ள போலாம். பப்கெம் அப்லோட்னு தனிப் பக்கம் இருக்கு, அங்க டெபாசிட்டர் கணக்கு கேக்கணும், யாரு, எந்த நிறுவனம்னு வெவரம் குடுக்கணும். சோர்ஸ் பேரு உங்க சொந்தப் பேரா வைக்காம லேப் இல்ல டிபார்ட்மெண்ட் பேரா வைங்க, நீங்க பட்டம் வாங்கிட்டுப் போயிருவீங்க, லேப் அங்கதான் இருக்கும். எஸ்டிஎஃப் இல்ல சிஎஸ்வி ஃபைல ஏத்துங்க, எந்த நெடுவரிசை என்னனு கேக்கும், சொல்லுங்க, அப்புறம் ப்ரிவியூ காட்டும். இங்க அவசரப்பட்டு ஓகே அமுக்காதீங்க. ப்ரிவியூல ஒவ்வொண்ணா தீசிஸ் பக்கத்த பக்கத்துல வச்சுப் பாருங்க. எங்க லேப்ல ஒருத்தர் படிக்க ஒருத்தர் பாப்போம், ரேஷன் கடைல பில் சரிபாக்கற மாதிரி. பேப்பர் இன்னும் வரலைனா ஹோல்ட் தேதி போடலாம், அதுவரைக்கும் வெளிய தெரியாது.

முடிஞ்சதும் எஸ்ஐடினு ஒரு நம்பர், அது உங்க டெபாசிட்டுக்கு. கொஞ்ச நாள்ல சிஐடினு இன்னொண்ணு, அது ஸ்ட்ரக்சருக்கு. கேஃபைனுக்கு சிஐடி 2519, அத ஆயிரம் பேரு டெபாசிட் பண்ணாலும் எஸ்ஐடி ஆயிரம், சிஐடி ஒண்ணுதான். உங்களோடது புது மாலிக்யூலா இருந்தா அந்த சிஐடி பக்கத்துல சோர்ஸ்னு உங்க லேப் மட்டும் தனியா நிக்கும். அத பாக்கறதுக்கு ஒரு சுகம் இருக்கு, பொய் சொல்லல.

நடுவுல சொல்லாம விட்டது, பெர்மிஷன். கைடுகிட்ட கேக்காம எதையும் ஏத்தாதீங்க, சண்டை வரும், நியாயமான சண்டை. பேட்டண்ட் எண்ணம் இருந்தா முதல்ல ஃபைல் பண்ணிட்டு அப்புறம் டெபாசிட், ஏன்னா பொதுவுல போட்டதும் புதுசுங்கற தகுதி போயிரும். இன்னொரு பக்கமும் பாக்கணும். 1995-ல அமெரிக்காவுல மஞ்சள் காயத்த ஆத்தும்னு ஒரு பேட்டண்ட் குடுத்துட்டாங்க, நம்ம பாட்டிங்க கேட்டா சிரிப்பாங்க, நம்ம அரசு ஆராய்ச்சி அமைப்பு சிஎஸ்ஐஆர் போய் பழைய எழுத்து ஆதாரத்தக் காட்டி 1997-ல அத ரத்து பண்ண வச்சது. அங்க ஜெயிச்சது பாட்டி சொன்னதால இல்ல, எழுதி வச்சது இருந்ததால. தொறந்த டேட்டாபேஸ்ல தேதியோட கிடக்கற ஸ்ட்ரக்சரும் அப்படி ஒரு ஆதாரம்தான்.

இப்போ செடி. ஏற்காட்டுல இருந்து இலை பறிச்சுட்டு வந்து எக்ஸ்ட்ராக்ட் எடுக்கறவங்க நம்ம பக்கம் ஏராளம். ரிசர்வ் ஃபாரஸ்ட்னா வனத்துறை அனுமதி வேணும், பேட்டண்ட் பக்கம் போறதா இருந்தா தரமணில இருக்கற தேசிய பல்லுயிர் ஆணையத்துக்கும் போகணும். ஸ்ட்ரக்சரோட செடியோட முழு அறிவியல் பேரும், பறிச்ச எடமும், ஹெர்பேரியத்துல உலத்தி வச்ச மாதிரிச் செடியோட வவுச்சர் நம்பரும் சேந்து போகணும். கோயம்புத்தூர் பிஎஸ்ஐல (இந்திய தாவரவியல் ஆய்வு நிறுவனம்) ஐடென்டிஃபிகேஷன் சர்ட்டிஃபிகேட் வாங்கி தீசிஸ் கடைசில ஒட்டுறோமே, அதுல இருக்கற வெவரத்த கமெண்ட்ல போடுங்க. வெர்னோனியா ஷெவராயென்சிஸ்னு நம்ம மலை பேரையே சுமக்கற மரம் ஒண்ணு இருக்கு, அந்த மாதிரி ஒண்ணுல எடுத்துட்டு வெறும் வெர்னோனியானு மட்டும் போட்டா யாருக்கும் புண்ணியம் இல்ல.

சரி, எனக்கு லேபே இல்ல, நான் பிஎஸ்சிதான்னு சொல்றவங்களுக்கும் வேலை இருக்கு. விக்கிடேட்டால காம்பவுண்டுக்குனு பக்கம் இருக்கு, அதுல இது இந்தச் செடில இருக்குங்கற வரிய சேத்து, ஆதாரமா வெளிவந்த பேப்பரக் குடுக்கலாம். லோட்டஸ்னு ஒரு திட்டம் இதே மூணு விஷயத்தத்தான், காம்பவுண்ட், உயிரினம், ஆதாரம்னு கோத்து விக்கிடேட்டால ஏத்தி வச்சிருக்கு. முதல்ல இன்ச்சிகீய வச்சுத் தேடிப் பாத்துட்டு இல்லைனா மட்டும் புதுசு உண்டாக்குங்க. அங்க எல்லாம் சிசி ஜீரோ, யாரு வேணா எதுக்கு வேணா எடுத்துக்கலாம், அது சம்மதம்னா மட்டும் இறங்குங்க. இம்பாட்னு ஒண்ணு, சென்னை கணித அறிவியல் நிறுவனத்துல பண்ணது, 4010 இந்திய மருத்துவச் செடியும் 17967 காம்பவுண்டும் இருக்கு. அதுல நிறைய, அச்சுப் புஸ்தகத்துல கிடந்தத யாரோ உக்காந்து எடுத்து எழுதுனது. அந்தப் பொறுமைய நெனச்சா நம்ம 38-க்கு அலுத்துக்கறது வெக்கமா இருக்கு.

7சி என்னாச்சுனு கேப்பீங்க. சீனியருக்கு போன் போட்டேன், இப்போ ஓமலூர் பக்கம் ஒரு ஸ்கூல்ல பாடம் எடுக்கறாரு. "அதையா? அது ஈல்டு பத்து பர்சண்ட் கூட வரலயேடா"-னாரு, அப்புறம் தாராளமா போடுனாரு. நோட்புக் அவரோடது, ஸ்பெக்ட்ரம் தங்கச்சியோடது, ரெண்டு பேரு பண்ணதும் கமெண்ட்ல இருக்கு, ஈல்டு ரெண்டும் தனித்தனியா. ரேக்ல இன்னும் பதினோரு பைண்டிங் பாக்கி. அதுல ஒண்ண கரையான் அரிச்சு மூணாவது சாப்டரே இல்ல, அந்தக் காம்பவுண்டுக்கெல்லாம் நோட்புக்க தேடிட்டு இருக்கோம்.